பெத்தன் வேண்டாமென்ற பாலம்

பனங்கண்மாய் காரைக்குடிக்கு மேற்கே உள்ள சின்ன ஊர். வீடுகள் எல்லாம் நெடுஞ்சாலைக்கு வடக்கே. கண்மாயும் அய்யனார் கோவிலும் தெற்கே. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

பெத்தன் அந்த ஊர் விவசாயி. வயது எழுபதை நெருங்குகிறது. கண்மாய்த் தண்ணீரில் நெல், தண்ணீர் இல்லாத வருடம் கடலை. இளவயதில் கொஞ்ச காலம் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் மாவாட்டப் போனார். தகப்பனார் படுத்துவிட்டதும் திரும்பி வந்தவர் பிறகு எங்கும் போகவில்லை. மனைவி அடைக்கம்மாள். ஒரே மகள் துர்காதேவி, கட்டிக்கொடுத்துத் திருப்பூரில் இருக்கிறாள். வலதுபக்கத் தோளில் அவருக்குக் காய்ப்பு ஒன்று உண்டு. கட்டி என்று நினைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். "அது சாமி குடுத்தது நர்சம்மா, அமுக்கினா போகாது" என்றார். புரவி எடுப்புத் திருவிழாவில் முதல் குதிரையான அரண்மனைப் புரவியின் முன்தண்டைத் தோளில் சுமப்பது அவர் குடும்பத்து உரிமை. மண்குதிரைதான், ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். வேளார் வீட்டில் செய்து, ஊர்ப் பொட்டலில் இறக்கி, மாலை போட்டு, சாலையைத் தாண்டி அய்யனார் கோவிலுக்குத் தோளில் சுமந்து போவார்கள்.

நான் அதே ஊரில் மாதா கோவில் தெரு. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், படுக்கையில் இருப்பவர்களையும் நாள்பட்ட நோயாளிகளையும் வீட்டில் போய்ப் பார்த்துவருகிறேன். அடைக்கம்மாளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு அந்த வீட்டுக்கும் போக ஆரம்பித்தேன். ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

சாலையை நாலு வழியாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த புதிதில், கணக்கெடுக்க ஆட்கள் வந்து சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். லாரி, கார், பஸ், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் எண்ணினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களை எண்ணவில்லை. அது அவர்கள் வேலை இல்லை போலிருக்கிறது.

பிறகு ஒருநாள் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். சரவணகுமார் என்ற பொறியாளர் பெரிய வரைபடத்தை மேசையில் விரித்தார். பொறுமையான மனிதர். அதில் எங்கள் ஊர் விலக்கில் சாலையை மேடாக்கி, அடியில் நாங்கள் போய்வர ஒரு பாலம் போட்டிருந்தார்கள். வண்டிகள் மேலே போகும், ஊர்க்காரர்கள் கீழே போவார்கள்.

பெத்தன் எழுந்தார். "சாமியும் கீழதான் போகணுமா?"

"எந்த சாமிங்க?"

"எங்க குதிர. அய்யனாரு கோவிலுக்கு அந்த வழியாத்தான் போகுது."

"தாராளமா போகலாங்க. உயரம் போதும்."

"ஒசரத்த யாரு கேட்டா? சாமி கீழ போகயில மேல லாரி போகுமா, போகாதா?"

"போகும்."

"எங்க ஊருல சாமி வந்தா மாடியில இருக்கவுக கீழ எறங்கிருவாக. பச்சப்புள்ளயக்கூட மேல நிக்க விடமாட்டோம். நீங்க சாமி தலைக்கு மேல செருப்புக்காலோட ஆளுகளக் கொண்டு போகச் சொல்றீக."

கூட்டத்தில் ஒருவர்கூட மறுக்கவில்லை. எங்கள் தெருக்காரர்களும்தான். அந்தோணியார் சப்பரமும் திருவிழாவுக்கு அந்த வழியாகத்தான் போகும். இந்த விஷயத்தில் எங்களுக்குள் இந்து, கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் இல்லை.

சரவணகுமார் மறுபடி சொன்னார். "யோசிச்சுச் சொல்லுங்க. பாலம் இல்லன்னா இந்த இடத்துல சர்வீஸ் ரோடும் வராது. ரெண்டும் சேந்துதான் வரும்."

"வராட்டிப் போகுது" என்றார் பின்னால் இருந்த ஒருவர். "ரோட்டோரத்துல இருக்க நெலமாச்சும் தப்பிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு காரியம் முடிந்தது. பாலத்துக்குப் பதிலாக, சாலை நடுவில் கட்டும் தடுப்பில் எங்கள் ஊருக்கு நேரே ஒரு திறப்பு விடுவதாக ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஊரான ஊத்துப்பட்டிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போக வழி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாலம் அங்கே போனது. எங்கள் ஊரில் பெத்தனுக்கு மாலை போட்டார்கள். அன்றைக்கு அடைக்கம்மாள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாசிப்பருப்புப் பாயசம் கொடுத்தாள்.

சாலை வந்தது. நல்ல சாலை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் வண்டிகள் அவர்கள் சொன்னதைவிட வேகமாகப் பெருகின. திறப்பில் திரும்புகிற மாட்டுவண்டிக்கும் டிராக்டருக்கும் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. ஒரு மீன் லாரியும் காரும் மோதி வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் செத்தார்கள். அடுத்த மழைக்குள் இன்னொரு விபத்து. அதற்குப்பின் கிரேன் கொண்டுவந்து கான்கிரீட் கட்டைகளை இறக்கித் திறப்பை மூடிவிட்டார்கள். மூடியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காரில் இருந்தவர்களுக்கு முதலில் ஓடிப்போய்த் துணி சுற்றியவள் நான்.

திறப்பு மூடிய மறுவாரம் டவுன் பஸ் நின்றது. காரைக்குடியிலிருந்து வரும் பஸ் வலதுபக்கம் திரும்பி ஊருக்குள் வந்து, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வட்டம் அடித்துத் திரும்பும். இப்போது திரும்ப வழியில்லை. சாலையிலேயே நிறுத்தி இறக்கிவிடலாமே என்றால், நாலு வழிச்சாலையில் கண்ட இடத்தில் நிறுத்தக்கூடாது, சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்தில்தான் நிறுத்தம் என்றார்கள். சர்வீஸ் ரோடு இருந்தது ஊத்துப்பட்டியில். பாலம் எங்கேயோ அங்கேதான் பஸ். கூட்டத்தில் சரவணகுமார் சொன்னதன் அர்த்தம் எங்கள் ஊருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பஸ் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடைக்கம்மாளுக்கு நோய் தெரிந்தது இந்தச் சமயத்தில். சர்க்கரை பல வருடம் உள்ளே இருந்து வேலை செய்திருக்கிறது. காரைக்குடியில் டயாலிசிஸ், வாரம் மூன்று நாள். போகும்போது பெரிய சிரமமில்லை. திரும்பி வரும்போதுதான். இரத்தத்தைச் சுத்தம் செய்து ஆளை வெளியே அனுப்பியதும் பிரஷர் இறங்கும், கால் நடுங்கும், கண் இருட்டும். அந்த நிலையில் ஊத்துப்பட்டியில் இறங்கி, பாலத்துக்கடியில் வந்து, கருவேலங்காட்டு வழியே ஊர்வரைக்கும் நடக்கவேண்டும். நல்ல உடம்புக்காரர் அரைமணி நேரத்தில் வந்துவிடலாம். அவளுக்கு அது முடியாது.

பெத்தன் மொபெட் வாங்கினார். பின்னால் உட்காரவைத்துத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒருநாள் கருவேலங்காட்டு மணலில் வண்டி சாய்ந்தது. அவளுக்கு ஊசி போடுகிற கை தப்பியது அதிர்ஷ்டம். அந்தக் கையில்தான் டயாலிசிஸுக்காக இரத்தக்குழாயை இணைத்து வைத்திருந்தார்கள். அது போனால் எல்லாம் போனது. "இனிமே டயாலிசிஸ் முடிஞ்ச உடனே வண்டியில ஏத்தக்கூடாது. ஊத்துப்பட்டியிலயே உக்கார வைங்க. கண்ணு தெளிஞ்சதும் கூட்டியாங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "காலையும் பாத்துக்கிட்டே இருங்க. கணுக்கால்ல விரல வச்சு அமுக்கினா குழி விழுகுதான்னு பாருங்க. விழுந்தா தண்ணி சேருதுன்னு அர்த்தம்."

"சரிங்க" என்றார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

ஆட்டோ ஏன் வைக்கவில்லை என்று திருப்பூரிலிருந்து துர்காதேவி போனில் கேட்டாள். வைத்தார்கள், சில நாள். வாரம் மூன்று முறை, வருடம் முழுவதும் ஆட்டோ வைக்கிற வீடு அல்ல அது. பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது என்பதால்தான் இந்த வைத்தியமே நடந்துகொண்டிருந்தது.

ஆகவே ஊத்துப்பட்டிப் பாலத்தடியில் வேல்பாண்டி டீக்கடை அவர்களுக்குத் தங்குமிடம் ஆனது. வேல்பாண்டி கெட்டவன் இல்லை. அடைக்கம்மாளுக்கு விசிறி கொடுப்பான், பெஞ்சைக் காலிசெய்து கொடுப்பான். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"வாங்க மாமா. பாலம் நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"இருக்காதா பின்ன, நீங்க குடுத்த பாலமாச்சே. ஒங்க பேர எழுதி வைக்கச் சொல்லி எங்க ஊருல தீர்மானம் போடப்போறோம்."

பெஞ்சில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். பெத்தன் தலையைக் குனிந்து நிற்பார். ஊத்துப்பட்டிக்காரர்கள் சொன்னதாவது கேலி. எங்கள் ஊர்க்காரர்கள் கேலி செய்யவில்லை. மாலை போட்டவர்களே, "சாமிய ஒத்த ஆளாத் தாங்குறேன்னு ஊரு கால ஒடச்சுட்டாரு" என்றார்கள்.

பெத்தன் முயற்சி செய்யாமல் இல்லை. பஸ் அலுவலகத்தில் கேட்டார். அந்தச் சாலை மத்திய அரசுச் சாலை, அதில் நிறுத்தம் வைக்கத் தங்களுக்கு உரிமை கிடையாது என்றார்கள். சாலை அலுவலகத்தில் கேட்டார். பஸ் தங்கள் சமாச்சாரம் இல்லை என்றார்கள். சிவகங்கைக்கு மனு கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "பாலம் வேணாம்னு ஊரே கேட்டு வாங்கினதாச்சே பெரியவரே. இப்ப மேடாக்கணும்னா ரோட்டையே மாத்திப் போடணும். அடுத்த தடவ அகலப்படுத்துறப்ப பாக்கலாம்." மினி பஸ் விட வழி இருக்கிறதா என்று நான் கேட்டேன். தடம் அறிவித்து, யாராவது விண்ணப்பித்து, அனுமதி ஆனால் வரும் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. அது அவர் கையில் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் பெத்தன் கேட்டார், "அடுத்த தடவன்னா எப்ப நர்சம்மா?"

"நம்ம காலத்துல இல்ல."

"அடைக்கிக்கு எம்புட்டு நாளு?"

"ஒழுங்கா டயாலிசிஸ் போனா வருஷக்கணக்குல இருக்கலாம். போகாட்டி இல்ல."

"போகும். நான் கூட்டிப்போவேன்" என்றார்.

அந்த வருடம் கண்மாய் நிறைந்தது. சில வருடங்களாக நடக்காமல் இருந்த புரவி எடுப்பை நடத்துவதென்று ஊர் கூடி முடிவு செய்தது. திறப்பு மூடிவிட்டதால் குதிரைகள் எந்த வழியாகப் போவது? தடுப்பைத் தாண்டி மண்குதிரையைத் தூக்க முடியாது. வேறு வழியே இல்லை, ஊத்துப்பட்டிப் பாலத்துக்கடியில்தான். சாமியாடி குழந்தைவேலு இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். போலீசில் எழுதிக் கொடுத்து, குதிரைகள் அடியில் போகும் நேரம் மட்டும் மேலே வண்டிகளை நிறுத்தச் சொல்லலாம். போய்க் கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் உடனே சரி என்றுவிட்டார்.

புரவி எடுப்பு நாள் அடைக்கம்மாளுக்கு டயாலிசிஸ் நாள். தள்ளிவைக்க முடியாது. பெத்தன் முன்தண்டு பிடிக்கவேண்டும் என்பதால் நான் கூட்டிப்போனேன். திரும்பி வந்து வேல்பாண்டி கடையில் அவளை உட்காரவைத்திருந்தபோது கொட்டுச்சத்தம் கேட்டது. மேலே போலீஸ்காரர்கள் விசில் ஊதினார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. இரண்டு பக்கமும் லாரிகள், கார்கள், ஒரு பால் வண்டி. அந்தச் சாலை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. லாரி டிரைவர்கள் இறங்கி ஓரமாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

கருவேலங்காட்டிலிருந்து அரண்மனைப் புரவி வந்தது. முன்தண்டில் பெத்தன். வேர்வையில் குளித்திருந்தார்.

"பாலம் வேணாமின்ன மகராசன் பாலத்துக்கடியில வாராரு. எந்திரிச்சு வழி விடுங்கப்பா" என்றான் வேல்பாண்டி. வழக்கம்போலச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லோரும் எழுந்து கும்பிடவும் செய்தார்கள்.

குதிரைகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. மறுபடி விசில். வண்டிகள் கிளம்பின.

அடைக்கம்மாள் என் கையைத் தொட்டாள். "ஏக்கா, கேட்டா நிறுத்துறாகளே."

"ஆமா. நிறுத்துறாக."

"அன்னைக்குக் கூட்டத்துல இத ஒருத்தரும் கேக்கலையே."

"கேக்கலை."

"எங்க வீட்டுக்காரவுகளுக்கும் தோணலையே" என்றாள். 

அதற்கடுத்த வாரம் ஒருநாள் டயாலிசிஸுக்குப் போகவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, ஒருநாள் விட்டால் ஒன்றுமில்லை என்றாள். நான் திட்டினேன். போனாள். பிறகு துர்காதேவி வருகிறாள் என்று ஒருநாள் விட்டாள். பிறகு மழை. பெத்தன் கெஞ்சுவார், கோபப்படுவார், மொபெட்டை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு நிற்பார். "நீங்க போய் மாட்டப் பாருங்க. நாளைக்குப் போவம்" என்பாள். கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழ ஆரம்பித்தது.

அவர் வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கேட்டேன். "என்னத்துக்கு இப்படிப் பண்ற? செத்துப்போவ, தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நடக்க முடியலையா? நான் ஏதாவது ஏற்பாடு பண்றேன்."

"நடப்பேன்க்கா. நடக்குறது இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னால அவுகளத்தான் பாக்க முடியல. அந்தக் கடையில ஆளாளுக்குப் பேசுறாக. அவுக தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறாக. ஒருத்தருக்கும் தலை குனிஞ்ச மனுசன் இல்லக்கா அவுக. என்னாலதான அங்க நிக்க வேண்டியிருக்கு? வாரம் மூணு தடவ அந்த மனுசன அங்க கொண்டுபோய் நிறுத்துறதுக்கு, நான் போயிட்டாத் தேவல."

"நான் வேல்பாண்டிகிட்டப் பேசுறேன்."

"பேசாதீக. அப்பறம் பாவம்னு பாப்பாக. அது இன்னும் மோசம். அவுககிட்டயும் சொல்லாதீக. சத்தியம்."

சத்தியம் செய்ய மாட்டேன் என்றேன். வேல்பாண்டியிடம் பேசவும் செய்தேன். அவன் முகம் கறுத்துப்போனது. "சும்மா வெளையாட்டுக்குத்தான அத்த" என்றான். அதற்குப்பின் அவன் கேலி செய்யவில்லை. அவள் சொன்னதுபோலவே, கடையில் எல்லோரும் பெத்தனைப் பாவமாகப் பார்த்தார்கள். அவள் அதையும் கவனித்துவிட்டாள். அதோடு போவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு காலையில் மூச்சு வாங்குகிறது என்று பெத்தன் ஓடிவந்தார். 108க்குச் சொன்னோம். ஊத்துப்பட்டி சுற்றித்தான் வந்தது, ஆனாலும் தாமதம் என்று சொல்லமுடியாது. நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்தது. காரைக்குடி எல்லையைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு கையை நானும் மற்றதை அவரும் பிடித்திருந்தோம்.

சாலைதான் அவளைக் கொன்றது என்று ஊரில் சொல்கிறார்கள். சிறுநீரகம் கெட்டவர்கள் நல்ல சாலையும் பஸ்ஸும் உள்ள ஊரிலும் சாகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் இன்னும் சில வருடம் இருந்திருப்பாள். அதையும் நான் அறிவேன்.

காரியம் முடிந்து துர்காதேவி கூப்பிட்டும் அவர் திருப்பூர் போகவில்லை. கொஞ்ச மாதம் கழித்து மினி பஸ் வந்தது. ஊத்துப்பட்டி வரை போய், பாலத்தடியில் திரும்பி, செப்பனிட்ட கருவேலங்காட்டு வழியே ஊருக்குள் வருகிறது. நோயாளிகளைப் பார்க்க நான் அதில்தான் போகிறேன். பெத்தன் இதுவரை ஏறவில்லை.

ஒருநாள் அவருக்குப் பிரஷர் பார்க்கப் போனபோது கேட்டார். "நர்சம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவ ஏன் போக மாட்டேன்னுட்டா?"

பிரஷர் பட்டையை அவர் கையில் சுற்றி முடித்து, அளவு பார்த்து, எழுதிக்கொண்டேன். பிறகு அவள் சொன்னதைச் சொன்னேன். நோயாளி வீட்டாரிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கேட்கிறவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

கையிலிருந்த பட்டையை அவரே அவிழ்த்துக் கொடுத்தார்.

"வேல்பாண்டி பேசுனது எனக்கு ஒறைக்கவே இல்ல நர்சம்மா" என்றார். "என்னத்தையோ பேசிட்டுப் போறான். நான் அதக் காதுல வாங்குனதே இல்ல. தலையக் குனிஞ்சது அவ காலப் பாக்கத்தான். நீங்கதான பாக்கச் சொன்னீக, வீங்கியிருக்கான்னு?"

"ஆமா. சொன்னேன்."

"அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அது உண்மையா, இல்லை செத்துப்போனவளுக்காக அப்போது சொல்லிக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பிரஷர் கூடியிருந்தது. மாத்திரையைக் காலையிலும் சாயங்காலமும் போடச் சொன்னேன். சரி என்றார். வெயில் ஏறுமுன் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டவேண்டும் என்று எழுந்து கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்.